மாட்டுக்கு எட்டாத உயரம்

சென்ட்ரல் மெட்ரோவில்
பையை ஸ்கேனருக்குள் தள்ளினேன்.
பெல்ட் நின்றது.
திரையில் என் டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே
ஒரு தொடையெலும்பு, ஒரு தோள்பட்டை,
நூலில் கோத்த முதுகெலும்புகள் பன்னிரண்டு.
காவலாளி பார்த்த பார்வைக்கு
அடையாள அட்டையை நீட்டினேன்.
"டாக்டருக்குப் படிக்கிறியாம்மா?"
"இல்லண்ணா, பிசியோ."
"ஓ, மசாஜா" என்றார்,
நிம்மதியாக.

சீனியர் பெனிட்டாவிடம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு
வாங்கிய அரை செட்.
அவளுக்கு முன் வேறு யாருடையதோ.
அதற்கும் முன்
நிஜமாகவே ஒருவருடையது.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழி.
அப்டக்ஷன் என்றால் கடத்தல் என்று
அகராதியில் மனப்பாடம் செய்தவள்.
முதல் வாரம் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்து
யார் யாரைக் கடத்தினார்கள் என்று குழம்பினேன்.
கை உடலைவிட்டு விலகிப் போவதாம்.
ஹசீனாவின் கையை நான் கடத்த
என் கையை அவள் கடத்த
ஒரு செமஸ்டர் போனது.
கேன்டீன் மாஸ்டர் தோசையைத் திருப்பும்போதும்
மணிக்கட்டைத்தான் பார்த்தோம்.

மூன்றாம் ஆண்டு. புறநோயாளிப் பிரிவு.
என் பெயருக்கு எழுதப்பட்ட முதல் தோள்
முனிரத்தினத்துடையது. வலது.
ஓட்டேரி. வயது ஐம்பத்திரண்டு.
தொழில், போஸ்டர் ஒட்டுவது.
கை எண்பது பாகைக்கு மேல் போகவில்லை.
"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"
"வலிய வுடும்மா. மார்பு உயரத்துல ஒட்டுனா
விடியறதுக்குள்ள மாடு துன்னுடுது.
மைதாப் பசை வேற, அதுக்கு ருசி.
போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி,
செத்தவரு மூஞ்சி பாதிதான் மிச்சம்.
பார்ட்டி காசு தரல."

பாடப்புத்தகத்தில் மாடு இல்லை.
இலக்கு என்ற கட்டத்தில்
'மாட்டுக்கு எட்டாத உயரம்' என்று எழுதினேன்.
மேடம் அடித்துவிட்டு
நூற்றிருபது பாகை என்று திருத்தினார்.

ஒத்தடப் பை, பதினைந்து நிமிடம்.
பிறகு சுவரில் அறைந்த விரல் ஏணி.
ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
படிப்படியாக நடந்து ஏற வேண்டும்.
"செவுருதானே, நமக்குப் புதுசா?" என்றவர்
ஒன்பதாம் படியில் பல்லைக் கடித்தார்.
தோள்பட்டையின் மேல் என் உள்ளங்கை காவல் இருந்தது.
மூட்டு அசையாமல்
தோள் மொத்தமும் காதுக்கு ஏறினால்
அது கணக்கில் வராது.
கணக்கிலும் அவர் கெட்டிக்காரர்தான்.
ஏழுக்கு அப்புறம் பத்து.

மூன்று வாரத்தில்
எண்பது எண்பத்தைந்தானது.
கோணமானியில் அது ஒரு நகத்தின் அகலம்.
அன்று மின்சார ரயிலில் சைதாப்பேட்டை வரை
அந்த ஐந்து பாகையை மடியில் வைத்து
திறந்து மூடி
திறந்து மூடி வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நான்காம் வாரம் தொண்ணூற்றைந்து.
ஐந்தாம் வாரம் அவர் வரவில்லை.
போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
பதிவேட்டில் 'தொடரவில்லை'.
கேஸ் பிரசன்டேஷனில் வெளித்தேர்வாளர்
"இறுதி அளவு எங்கே?" என்றார்.
இருபதுக்குப் பதினொன்று.

ஆடி மாதம். பேருந்து டவுட்டன் சிக்னலில் நின்றது.
மதிலில் கூழ் வார்க்கும் விழா போஸ்டர்கள்.
கீழ் வரிசையை ஒரு மாடு
அம்மன் கிரீடத்திலிருந்து தொடங்கி மென்றுகொண்டிருந்தது.
அதன் நாக்குக்குத் தப்பி, மேலே
ஒன்று மட்டும்.
வலது மூலை இறங்கி.

அவருடையதா, தெரியாது.
ஊரில் எத்தனையோ பேர் ஒட்டுகிறார்கள்.
ஸ்டூல் போட்டிருக்கலாம்.
இடக்கையாலும் ஒட்டலாம்.
ஆனாலும் பைக்குள் கை விட்டு
கோணமானியைத் தேடினேன்.
அதற்குள் சிக்னல் விழுந்து
கண்டக்டர் உள்ளே போகச் சொன்னார்.

கம்பியைப் பிடித்தபடி
நூற்றுப் பத்து இருக்கும் என்று
கண்ணாலேயே குறித்துக்கொண்டேன்.
அந்த வலது மூலையில்
இன்னும் வேலை பாக்கி.